ராஜராஜன் காசைப் படமெடுக்க எந்த கேமரா வேண்டும்?

காவிரிப் படுகையில் பழங்காசு சேர்ப்பவர்களிடம் ராஜராஜன் காசு ஒன்றாவது இருக்கும். செம்பால் ஆனது. குறுக்களவு சுமார் 2 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 4 கிராம். ஒரு பக்கம் நிற்கும் மனிதர், மறு பக்கம் உட்கார்ந்திருக்கும் மனிதர். உட்கார்ந்திருப்பவரின் கைக்குக் கீழே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று பொறித்திருக்கும். 985 முதல் 1014 வரை தஞ்சாவூரிலிருந்து ஆண்ட சோழ அரசன் முதலாம் ராஜராஜனின் பெயர் அது.

நிற்பவரும் உட்கார்ந்திருப்பவரும் இருந்துவிட்டால் மட்டும் அது ராஜராஜன் காசாகிவிடாது. சோழர்கள் இலங்கையின் வடபகுதியைப் பிடித்தபோது இந்த வடிவமும் கடல் கடந்து போனது. சோழர் ஆட்சி அங்கே முடிந்த பிறகும் அது நிலைத்தது. பராக்கிரமபாகு, அரசி லீலாவதி, சாகசமல்லன் எனப் பொலன்னறுவையில் ஆண்ட பலரும் அதே நிற்கும் உருவத்தையும் அமர்ந்த உருவத்தையும் வைத்துச் செப்புக்காசு அடித்தார்கள். அவர்கள் முக்கியமாக மாற்றியது பெயரை. ஆகவே, கையில் இருக்கும் காசு தஞ்சாவூர் அரசனுடையதா, பொலன்னறுவை அரசியுடையதா என்பதை ஓரத்தில் இருக்கும் நான்கைந்து எழுத்துகள்தான் சொல்லும். ஆயிரம் ஆண்டு தேய்மானத்தையும் களிம்பையும் தாண்டி அந்த எழுத்துகளைப் படிக்க வைப்பதுதான் நாணயப் படத்தின் வேலை.

எழுத்துப் படிப்பு நாணயவியலில் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, ஒரு சதுரச் செப்புக்காசில் தமிழ்-பிராமியில் ‘பெருவழுதி’ என்ற பாண்டியப் பெயரைப் படித்துக் காட்டினார். சங்ககாலப் பாண்டியர் தம் பெயரிலேயே நாணயம் வெளியிட்டார்கள் என்பது அதனால் உறுதியாயிற்று.

சேகரிப்பைப் படமெடுக்க நினைக்கும் பலரும் முதலில் கேட்பது ‘எந்த கேமரா வாங்கலாம்?’ என்பதை. செலவு வரிசையில் கேமரா கடைசியில் வர வேண்டியது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். வெளிச்சம், அசையாத தாங்கி, எடைத் தராசு ஆகிய மூன்றுக்கும் முதலில் பணம் போட வேண்டும். அதற்கான காரணங்கள் இயற்பியலில் இருக்கின்றன.

எத்தனை பிக்சல் போதும்?

ராஜராஜன் காசில் ஓர் எழுத்துக்கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அந்தக் கோடு படத்தில் தெளிவாக விழ, அதன் குறுக்கே பத்துப் பிக்சல் கிடைத்தால் போதும். அதாவது, காசின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இருபது பிக்சல்.

இப்போது புழக்கத்தில் உள்ள பெரும்பாலான ஸ்மார்ட்போன்களின் முதன்மை கேமரா குறைந்தது 12 மெகாபிக்சல் படம் தரும். அகலம் 4000 பிக்சல், உயரம் 3000. அந்த கேமராவைக் காசிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், ஏறக்குறைய 13-க்கு 10 சென்டிமீட்டர் பரப்பு படத்துக்குள் வரும். அதில் 2 சென்டிமீட்டர் காசு 600 பிக்சல் இடம் பிடிக்கும். மில்லிமீட்டருக்கு 30 பிக்சல். எழுத்தைப் படிக்கத் தேவையானதைவிட அதிகம்! 50 மெகாபிக்சல் சென்சார் கொண்ட போனில் இரண்டு மடங்கு ஜூம் வைத்தால், அதே தூரத்தில் இது மில்லிமீட்டருக்கு 60 பிக்சல் ஆகும். காசை ஆறு மடங்கு பெரிதாக்கிப் புத்தகத்தில் அச்சிட்டாலும் படம் உடையாது. 200 மெகாபிக்சல் என்ற விளம்பரத்துக்காக வேறு போன் வாங்க வேண்டியதில்லை.

போனில் ‘மேக்ரோ’ என்ற பெயரில் தனியாக ஒரு சிறு கேமரா இருந்தால் அதை நம்ப வேண்டாம். விலை குறைந்த போன்களில் அது பெரும்பாலும் 2 மெகாபிக்சல் மட்டுமே. காசுக்கு மிக நெருக்கமாகப் போக வேண்டியிருப்பதால் போனின் நிழலும் காசின் மேலேயே விழும். முதன்மை கேமராவை வைத்துச் சற்றுத் தள்ளி நின்று எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்வதே மேல். நாயக்கர், மராத்தியர் காலச் சிறு செப்புக்காசுகளும், 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்கள் முதலில் ஈயத்திலும் பிறகு செம்பிலும் வெளியிட்ட காசுகளில் சிறியவையும் ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். அவற்றுக்கு மட்டும் போனில் மாட்டும் கிளிப் லென்ஸ் ஒன்று உதவும். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

சாய்ந்த வெளிச்சம்

கேமராவுக்கு மேடு பள்ளம் தெரியாது. அதற்குத் தெரிவது ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பது மட்டும். காசின் மேல் இருக்கும் புடைப்பை வெளிச்ச வேறுபாடாக மாற்றிக் கொடுப்பது விளக்கின் கோணம்தான்.

தேய்ந்த காசில் ஓர் எழுத்தின் உயரம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கு 45 பாகை உயரத்தில் இருந்தால் அந்த எழுத்தின் நிழலும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளமே இருக்கும். விளக்கை 10 பாகைக்குத் தாழ்த்தினால் நிழல் அரை மில்லிமீட்டரைத் தாண்டி, ஏறத்தாழ ஆறு மடங்காகிவிடும். ஏறக்குறைய நேர் மேலே, 80 பாகையில் வைத்தால் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். எழுத்து இருந்த இடமே தெரியாது. அறுவடை முடிந்த வயலை உச்சி வெயிலில் பார்த்தால் ஒரே தட்டையாகத் தெரியும். அதே வயலைக் காலை ஏழு மணிக்குப் பார்த்தால் வரப்பும் உழவுச் சாலும் தாள் வரிசையும் தனித்தனியே எழுந்து நிற்கும். காசிலும் நடப்பது இதுதான்.

ஆகவே போனில் உள்ள ஃபிளாஷை முதலில் அணைத்துவிட வேண்டும். லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அது உச்சி வெயில் போல நிழலைத் தின்றுவிடும். நூறு ரூபாய் அளவில் கிடைக்கும் ஓர் எல்.இ.டி. பல்பை மேசை விளக்கில் மாட்டி, காசின் மட்டத்துக்குச் சற்று மேலே, பத்துப் பதினைந்து பாகையில் வைத்துப் பாருங்கள். அதுவரை வெறும் வில்லையாக இருந்த செம்பில் எழுத்து தெரியத் தொடங்கும்.

கோணத்தைப் போலவே திசையும் முக்கியம். ஒரு கோட்டுக்கு இணையாக வரும் வெளிச்சம் அந்தக் கோட்டுக்கு நிழல் தராது. குறுக்கே வரும் வெளிச்சமே நிழல் தரும். எழுத்தில் படுக்கைக்கோடும் நிமிர்ந்த கோடும் இருப்பதால், கடிகாரத்தில் 10 அல்லது 11 இருக்கும் திசையிலிருந்து, அதாவது இடப்பக்க மேல் மூலையிலிருந்து, சாய்வாக விளக்கு வந்தால் இரண்டு வகைக் கோடுகளும் பிடிபடும். கீழ்ப்பக்கத்திலிருந்து மட்டும் விளக்கு வரக் கூடாது. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை எப்போதும் எடுத்துக்கொள்ளும். கீழிருந்து வந்தால் மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் படித்துவிடும். புடைத்து நிற்கும் அரசன் குடைந்து எடுத்தவன் போலத் தெரிவான். நிலவின் பள்ளங்களைப் படத்தில் பார்க்கும் விண்வெளி ஆய்வாளர்களுக்கும் இதே மயக்கம் நேர்வதுண்டு.

மிகவும் தேய்ந்த காசுக்கு ஒரே படம் போதாது. கேமராவையும் காசையும் அசைக்காமல், விளக்கை மட்டும் கடிகார முள் போல எட்டுத் திசைகளுக்கு நகர்த்தி எட்டுப் படம் எடுங்கள். ஒரு படத்தில் மறைந்த கோடு அடுத்த படத்தில் வரும். இதே எண்ணத்தைக் கணிப்பொறிக்குள் கொண்டுபோனவர் டாம் மால்ஸ்பெண்டர். ஹியூலெட்-பேக்கார்ட் ஆய்வகத்தில் பணியாற்றிய அவரும் சக ஆய்வாளர்களும் 2001-இல் வெளியிட்ட முறையில், பல திசை வெளிச்சத்தில் எடுத்த படங்களைச் சேர்த்துவிட்டால் திரையில் விளக்கை நாம் விரும்பிய பக்கம் நகர்த்திப் பார்க்கலாம். இன்று அருங்காட்சியகங்கள் களிமண் பலகைகளுக்கும் நாணயங்களுக்கும் இதைப் பயன்படுத்துகின்றன. இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. காசுக்குப் பக்கத்தில் பளபளக்கும் கறுப்பு உருண்டை ஒன்றை வைத்தால், அதன் மேல் விழும் ஒளிப்புள்ளியிலிருந்து விளக்கு எந்தத் திசையில் இருந்தது என்பதை மென்பொருள் கணக்கிட்டுக்கொள்ளும். வீட்டில் முயல்பவர்களுக்குச் சைக்கிள் கடை பால்ரஸ் குண்டு போதும்.

பளபளக்கும் காசு

மங்கிய செம்புக்குச் சொன்ன வழி கண்ணாடி போல மின்னும் காசுக்குப் பொருந்தாது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி இந்திய அரசு 1000 ரூபாய், 5 ரூபாய் நினைவு நாணயங்களை வெளியிட்டது. சேகரிப்பாளர்களுக்கென்று பளபளப்பாக அடித்த காசில் சாய்ந்த வெளிச்சம் போட்டால் சமதளம் முழுக்கக் கறுத்துவிடும். பளபளப்பான பரப்பு வெளிச்சத்தைச் சிதறவிடாது. வந்த கோணத்திலேயே எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். அது லென்ஸுக்கு வந்து சேராது.

இதற்கு ஒரு பழைய போட்டோ சட்டத்தின் கண்ணாடி போதும். காசுக்கும் லென்ஸுக்கும் நடுவில் அதை 45 பாகை சாய்த்து நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து விளக்கை அடியுங்கள். கண்ணாடி பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை நேர் கீழே காசின் மேல் திருப்பும். காசின் சமதளம் அதை நேர் மேலே அனுப்பும். அது கண்ணாடியைக் கடந்து லென்ஸுக்குள் வரும். சமதளம் வெள்ளையாகவும் எழுத்தின் சரிவுகள் கறுப்பாகவும் விழும். வெளிச்சத்தின் பெரும்பகுதி வீணாவதால் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குக் கேமரா அசையாமல் நிற்க வேண்டும். காசுக்கும் விளக்குக்கும் இடையே வெள்ளைத் துணியோ டிரேசிங் தாளோ தொங்கவிட்டு வெளிச்சத்தை மென்மையாக்குவது இதைவிட எளிய வழி. வெள்ளிக்காசுகள் பலவற்றுக்கு அதுவே போதும்.

தாங்கியும் ரசமட்டமும்

கையில் பிடித்து எடுத்த படத்தில் இரண்டு குறைகள் வரும். ஒன்று அசைவு. இன்னொன்று சாய்வு. லென்ஸும் காசும் இணையாக இல்லாவிட்டால் வட்டக்காசு நீள்வட்டமாகும். ஒரு பக்க எழுத்து தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும்.

பழைய ஸ்டுடியோக்களில் ஃபிலிம் காலத்து என்லார்ஜர் இன்னும் கிடைத்தால் விடாதீர்கள். பலகையின் மேல் நிமிர்ந்து நிற்கும் அந்தத் தண்டில் கேமராவைக் கட்டினால், பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள படியெடுக்கும் தாங்கிக்கு ஈடாகும். அதிலிருக்கும் லென்ஸையும் கழற்றி எடுத்து வையுங்கள். தட்டையான ஃபிலிமைத் தட்டையான தாளில் ஓரம் வரை ஒரே தெளிவாக விழச் செய்வதற்கென்று வடிவமைத்தது அது. காசுக்கும் அதே குணம்தான் தேவை. என்லார்ஜர் கிடைக்காதவர்கள் கனமான மரப்பலகையில் இரும்புத் தண்டு ஒன்றை நிறுத்தி, போன் பிடிப்பானை முடுக்கிக்கொள்ளலாம்.

இணையாக இருக்கிறதா என்று சரிபார்க்க, கொத்தனாரின் ரசமட்டத்தை முதலில் பலகையிலும் பிறகு கேமராவின் முதுகிலும் வைத்துப் பாருங்கள். இதைவிடத் துல்லியமான சோதனை ஒன்று உண்டு. காசு இருக்கும் இடத்தில் ஒரு சிறு முகக்கண்ணாடியை வைத்துத் திரையைப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் விழுந்தால் இரண்டும் இணை. பிம்பம் எந்தப் பக்கம் விலகுகிறதோ, அந்தப் பக்கச் சாய்வைத் திருத்த வேண்டும். படமெடுக்கும்போது பொத்தானை விரலால் அழுத்தாமல் இரண்டு வினாடி டைமரை வைத்தால் நடுக்கமும் போய்விடும்.

பெரிய கேமரா வாங்குவதானால்

நூற்றுக்கணக்கில் காசு வைத்திருப்பவருக்கும், புத்தகமாக வெளியிட எண்ணுபவருக்கும் டி.எஸ்.எல்.ஆர். உதவும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. பத்தாண்டு பழைய 18 மெகாபிக்சல் கேமரா ஒன்று நடுத்தரமான புதுப் போனைவிடக் குறைந்த விலைக்கே கைமாறுகிறது. அதோடு வரும் 18-55 லென்ஸ், பொருளின் அளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கை சென்சார் மேல் விழச் செய்யும். 20 மில்லிமீட்டர் காசு சென்சாரில் ஏழு மில்லிமீட்டர் அளவு விழும். படத்தில் சுமார் 1,500 பிக்சல் பிடிக்கும். மில்லிமீட்டருக்கு 75 பிக்சல். பல பத்தாயிரம் ரூபாய் விலையுள்ள மேக்ரோ லென்ஸ் இந்தக் காசுக்குத் தேவையே இல்லை என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

ஒரு சென்டிமீட்டர் காசுக்கு மட்டும் இன்னும் நெருங்க வேண்டும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் நீட்டிப்புக் குழாய் அதற்கானது. அதில் கண்ணாடி எதுவும் இல்லை. வெறும் இடைவெளிதான், ஆகவே விலையும் குறைவு. 50 மில்லிமீட்டர் லென்ஸில் 25 மில்லிமீட்டர் குழாயைச் சேர்த்தால் காசின் பாதி அளவு சென்சாரில் விழும். மின் இணைப்பு இல்லாத மலிவுக் குழாயில் புதிய லென்ஸின் துளையைச் சுருக்க முடியாது. கையால் துளையைத் திருகும் வளையம் உள்ள பழைய லென்ஸ் அதற்குப் பொருத்தம்.

துளையை எவ்வளவு சுருக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. துளை சிறிதானால் மேட்டிலும் பள்ளத்திலும் ஒருசேரத் தெளிவு கிடைக்கும் என்று எஃப் 22 வரை போவோர் உண்டு. வெளிச்சம் அலை என்பதால், சிறு துளை வழியே வரும்போது விரிந்து பரவும். பாதி அளவுப் பெருக்கத்தில் எஃப் 22 வைத்தால் ஒரு புள்ளி சென்சாரில் ஏறக்குறைய 44 மைக்ரான் வட்டமாகப் பரவுகிறது. ஒரு பிக்சலின் அகலமோ நான்கு மைக்ரானுக்குச் சற்று மேல். பத்துப் பிக்சல் அகலத்துக்கு எழுத்தின் ஓரம் குழைந்துவிடும். எஃப் 8-இல் அந்த வட்டம் 16 மைக்ரான். அங்கே தெளிவு நிற்கும் ஆழமும் இரண்டு மில்லிமீட்டர் அளவு இருக்கிறது. காசின் புடைப்பு அதற்குள் அடங்கிவிடும். எஃப் 5.6-க்கும் எஃப் 8-க்கும் நடுவிலேயே நின்றுகொள்ளுங்கள்.

நிறம், அளவு, எடை

செம்பின் மேல் படிந்த களிம்பின் நிறமும் ஒரு சான்று. அது மாறாமல் விழ, ஜன்னல் வெளிச்சத்தையும் பல்பையும் கலக்கக் கூடாது, ஜன்னலைச் சாத்திவிடுங்கள். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் பல்பின் அட்டையில் இருக்கும். 90-க்கு மேல் உள்ளதை வாங்குங்கள். கறுத்த காசை வெள்ளைத்தாளில் வைத்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும். எழுத்து இருளில் மறையும். சாம்பல் நிற அட்டையே நல்ல பின்னணி.

படத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் கட்டாயம் இருக்க வேண்டும். அதைக் காசின் மேற்பரப்பு மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள காசுக்குப் பக்கத்தில், கீழே அட்டையோடு அளவுகோல் படிந்து கிடந்தால், 10 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் இரண்டு சதவீதம் பிழை வரும். 20 மில்லிமீட்டர் காசு 20.4 ஆகிவிடும். எடையைப் படம் காட்டாது. 0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்தான். போலிக்காசு பல நேரம் முதலில் மாட்டிக்கொள்வது எடையில். அதனால் அந்தத் தராசை எந்த லென்ஸுக்கும் முன்னால் வாங்க வேண்டும்.

காசைப் புளி போட்டு விளக்குவது பெரும் நாசம். பித்தளைக் குடத்துக்குச் செய்யும் அதே வேலையைப் பழங்காசுக்குச் செய்தால், புளியின் அமிலம் களிம்போடு சேர்த்து எழுத்தின் ஓரத்தையும் கரைத்துக்கொண்டு போகும். மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் போன்ற கரையோர மண்ணில் உப்பு அதிகம். அங்கே கிடந்த செம்புக்குள் குளோரைடு ஏறியிருந்தால், ஈரமும் காற்றும் பட்டதும் வெளிர்பச்சைத் தூள் கிளம்பிக் காசைத் தின்னத் தொடங்கும். ஆண்டுக்கொரு முறை அதே வெளிச்சத்தில் அதே காசைப் படமெடுத்து ஒப்பிட்டால் அந்த நோயை முளையிலேயே கண்டுபிடிக்கலாம்.

எங்கே கிடைத்தது?

தஞ்சாவூரில் கேமரா புதிதாக இருந்த 1858-லேயே அதற்குக் கிடைத்த அரிய பணி எழுத்தைப் பதிவதுதான். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீள ஒற்றைப் படமாக்கினார். அழகான கோணத்துக்காக எதையும் அவர் விட்டுவிடவில்லை. வரிசை கெடாமல், இடம் கெடாமல் பதிந்தார். சேகரிப்பாளரின் படத்துக்கும் இந்த ஒழுங்கு வேண்டும். இரண்டு பக்கமும், ஒரே அளவில், ஒரே வெளிச்சத் திசையில், எடையோடும் விட்டத்தோடும் பதிய வேண்டும்.

கோடை உழவிலும் குளம் தூர்வாரும்போதும் படுகை மண்ணிலிருந்து காசு வந்துகொண்டுதான் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இந்த இரண்டையும் ஒவ்வொரு சேகரிப்பாளரும் அறிந்திருக்க வேண்டும்.

பணத்தைச் செலவிடும் வரிசை இதுதான்: முதலில் தராசும் அளவுகோலும், அடுத்து நல்ல பல்பு ஒன்று, பிறகு அசையாத தாங்கி, அதன் பின் கிளிப் லென்ஸ் அல்லது நீட்டிப்புக் குழாய், எல்லாம் அமைந்த பிறகும் தேவை இருந்தால் பழைய டி.எஸ்.எல்.ஆர். இவற்றில் முதல் மூன்றும் சேர்ந்தே இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடக்கலாம். காசே செலவில்லாத ஒரு வேலையும் உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கது. காசு எந்த ஊரில், எந்த வயலில், எப்போது கிடைத்தது என்பதைப் படத்தின் பெயரிலேயே எழுதி வையுங்கள். தேய்ந்த எழுத்தை நாளைக்கு வேறொருவர் வேறொரு வெளிச்சத்தில் படித்துவிட முடியும். கிடைத்த ஊரின் பெயரை, அது தெரிந்தவர் எழுதி வைக்காவிட்டால், எந்த கேமராவாலும் மீட்க முடியாது.